லேண்டிங் கிளியரன்ஸ் ஏன் கடைசி நேரத்தில் வருகிறது?

(ஒலி அத்தியாயத்தின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களில் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்காங்க. ஒருத்தர் எழுதினதை மட்டும் படிக்கிறேன். "சார், சென்னையில் இறங்கப் போற நேரம். சக்கரம் இறங்கியாச்சு. கீழே ரோட்டில் போற பஸ் கூடத் தெரியுது. திடீர்னு இன்ஜின் உறுமி, மூக்கைத் தூக்கிக்கிட்டு விமானம் மேலே போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பைலட் 'ரன்வே கிளியரா இல்லை, அதனால் திரும்ப வர்றோம்' என்று ஒரே வரி சொன்னார். நாங்க மயிரிழையில் தப்பிச்சோமா?"

இல்லை. நீங்க தப்பிக்கவே வேண்டியிருக்கலை. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். நான் டவரில் பல வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தா, மேலே ஏறிப் போற விமானத்தைப் பார்த்துப் பதற்றம் வராது. ஏறிப் போகாமல் இறங்கிடுமோ என்கிற விமானத்தைப் பார்த்தால்தான் வரும்.

முதல்ல விதி. ரொம்பச் சின்ன விதி. ஐசிஏஓ என்று சொல்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இருக்கு. அதனுடைய 4444 என்கிற எண் கொண்ட ஆவணம்தான் கன்ட்ரோலர்களுக்கு வேதம் மாதிரி. ரன்வே ஆரம்பிக்கிற இடத்தில் பியானோ கட்டை மாதிரி வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பாங்களே, அந்த எல்லைக்கு த்ரெஷோல்ட் என்று பெயர். இறங்க வருகிற விமானம் அந்த எல்லையைத் தாண்டுகிற நேரத்தில், அதுக்கு முன்னால் இறங்கின விமானம் ரன்வேயை விட்டு முழுசா வெளியே போயிருக்கணும். முன்னால் ஒரு விமானம் டேக்-ஆஃப் ஆகிப் போகுதுன்னா, அது ரன்வேயின் மறுமுனையைத் தாண்டியிருக்கணும், இல்லைன்னா வானத்தில் திரும்ப ஆரம்பிச்சிருக்கணும். அவ்வளவுதான் அடிப்படை விதி. ஒரு ரன்வே, ஒரு விமானம்.

இவ்வளவு எளிமையான விதியில் என்ன சிக்கல் வரப்போகுது? சிக்கல் நேரத்தில் இருக்கு.

ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு விமானம் இறங்க வரும்போது வேகம் சுமாரா 135 நாட். மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைச்சுக்குங்க. ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அதுக்கு 27 விநாடி ஆகும். ரேடாரில் இரண்டு விமானங்களுக்கு நடுவே சாதாரணமா 3 கடல் மைல் விடுவாங்க. நெரிசலான விமான நிலையங்களில், சில நிபந்தனைகளோட, கடைசி 10 கடல் மைலுக்குள்ள அதை 2.5 ஆகக் குறைக்கலாம். அந்த நிபந்தனைகளில் ஒன்று, இறங்கின விமானங்கள் சராசரியா 50 விநாடிக்குள்ள ரன்வேயை விட்டு வெளியேறுகிறது என்று கணக்கெடுத்துக் காட்டியிருக்கணும்.

இப்போ கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 2.5 கடல் மைல் என்பது 67 விநாடி. முன்னால் போனவர் வெளியேற 50 விநாடி. மிச்சம் 17. முன்னால் போன பைலட் தான் எடுக்க வேண்டிய திருப்பத்தைத் தவறவிட்டு அடுத்த திருப்பத்துக்குப் போனார்னா அந்த 17 விநாடி அங்கேயே காலி. (இறங்கினதும் ஏன் இவ்வளவு வேகமா பிரேக் போடறாங்கன்னு சிலர் கேட்டிருந்தீங்க. பல சமயம் காரணம் இதுதான். குறிப்பிட்ட திருப்பத்தைப் பிடிக்கணும். பின்னால் ஆள் வர்றார்.)

அதனாலதான் பெரிய விமான நிலையங்களில் ரன்வேயிலிருந்து சாய்வா, வளைஞ்சு பிரியிற டாக்ஸிவே கட்டறாங்க. செங்குத்தா 90 டிகிரியில் இருக்கிற திருப்பத்தில் திரும்பணும்னா விமானம் சைக்கிள் வேகத்துக்கு வரணும். சாய்வான திருப்பத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலேயே கூட வெளியேறலாம். கான்கிரீட் போட்டு வாங்கின பத்துப் பதினைந்து விநாடி அது.

எதிர்க்காற்று இன்னொரு வேடிக்கை. காற்று எதிர்த்து அடிச்சா, தரையைப் பொறுத்தவரை விமானம் மெதுவா வருது. அதே 2.5 மைலைக் கடக்க அதிக நேரம் ஆகுது. பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் மணிக்கு இத்தனை விமானம் என்கிற கணக்கு அடிபடும். லண்டன் ஹீத்ரோவில் 2015-ல் தூரத்துக்குப் பதிலா நேரத்தை வைச்சு இடைவெளி விடும் முறையைக் கொண்டுவந்தது இதுக்காகத்தான்.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "கிளியர்ட் டு லேண்ட்" என்கிற மூணு வார்த்தையை கன்ட்ரோலர் எப்போ சொல்லலாம்?

நீங்க யோசிச்சுப் பார்த்தா, அது ஒரு வாக்குறுதி. "நீ வந்து சேர்ற நேரத்தில் ரன்வே காலியா இருக்கும்" என்று இப்பவே சொல்ற வாக்குறுதி. நான் அதைச் சொல்ற நொடியில் ரன்வே காலியா இருக்கணும்னு இல்லை. நியாயமான நம்பிக்கை இருந்தால் போதும்னு ஐசிஏஓ சொல்லுது. ஆனால் அதே வரியில் ஒரு கடிவாளமும் போடுது: முன்னால் இறங்கும் விமானம் த்ரெஷோல்டைத் தாண்டுகிற வரைக்கும், பின்னால் வருகிற விமானத்துக்கு லேண்டிங் கிளியரன்ஸ் கொடுக்கவே கூடாது. நம் நாட்டு டவர்களில் "கன்டினியூ அப்ரோச்" என்று சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வந்துக்கிட்டே இரு, இறங்க இன்னும் அனுமதி இல்லை என்று அர்த்தம். கிளியரன்ஸ் தாமதமா வரும், எதிர்பார்த்து இரு என்று முன்கூட்டியே சொல்லியும் வைப்பாங்க. பைலட் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பார். அனுமதி வரலைன்னா அவர் கேட்கவே வேண்டாம், யோசிக்கவே வேண்டாம். மேலே போகணும்.

அமெரிக்காவில் வேற வழக்கம். அங்கே வரிசையில் மூணாவதா வருகிற விமானத்துக்குக் கூட "நீங்க நம்பர் த்ரீ, கிளியர்ட் டு லேண்ட்" என்று இப்பவே சொல்லிடலாம். முன்னால் இருக்கிற இரண்டும் நேரத்துக்குப் போயிடும் என்கிற எதிர்பார்ப்பில் கொடுக்கிறது. ரேடியோவில் பேச்சு குறையும், வேலை சீக்கிரம் நடக்கும். எல்லாம் சரியா நடக்கிற வரைக்கும் அருமையான முறை. ஆனால் பாருங்க, எங்கள் முறையில் கன்ட்ரோலர் மறந்தால் விமானம் மேலே போகும். அவங்க முறையில் கன்ட்ரோலர் மறந்தால் விமானம் இறங்கும். என்னைக் கேட்டா வித்தியாசம் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் இருக்கு. அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, ஐசிஏஓ முறைக்கு மாறச் சொல்லி 2000-ல் அந்நாட்டு விமானத் துறையான எஃப்ஏஏ-வுக்குப் பரிந்துரை செய்தது. பழைய வழக்கம் இன்னும் போகலை.

பிரிட்டன்காரங்க நடுவில் ஒரு வழி வைச்சிருக்காங்க. "லேண்ட் ஆஃப்டர்" என்று பெயர். பகல் நேரம், ரன்வே நீளமானது, முன்னால் இறங்கின விமானத்தைப் பின்னால் வருகிறவர் கண்ணால் பார்க்கிறார் என்றால், "அவர் பின்னாலேயே இறங்கிக்கோ" என்று சொல்லலாம். அப்போ இடைவெளிக்குப் பொறுப்பு பைலட்டோடது.

மறதி என்றேன். டவரில் மறதி எப்படி நடக்கும் என்பதுக்கு ஒரு சம்பவம். 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். மாலை ஆறு மணி தாண்டிருச்சு, இருட்டு. ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சின்ன மெட்ரோலைனர் விமானம், 12 பேர். அதை 24 லெஃப்ட் ரன்வேயின் நடுவில், ஒரு குறுக்குச் சந்திப்பிலிருந்து உள்ளே வந்து டேக்-ஆஃபுக்குக் காத்திருக்கச் சொல்றாங்க. அடுத்த இரண்டு நிமிஷத்தில் கன்ட்ரோலருக்கு வேற வேலைகள். இன்னொரு விமானம் தவறான அலைவரிசைக்குப் போயிடுச்சு, அதைத் தேடணும். ஒரு விமானத்தின் விவரச் சீட்டு கையில் வந்து சேரலை, அதையும் தேடணும். இதுக்கு நடுவில் யுஎஸ்ஏர் நிறுவனத்தின் போயிங் 737 வருது. அதே ரன்வேயில் இறங்க அனுமதி கொடுக்கப்பட்டது. டவரிலிருந்து பார்த்தா அந்தச் சந்திப்பு முனைய விளக்குகளின் கூச்சத்தில் சரியாத் தெரியாது. தரை ரேடார் அன்னைக்கு வேலை செய்யலை. 737 பைலட்டுகளுக்கு, முன்னால் நிற்கிற குட்டி விமானத்தின் பின் விளக்கு ரன்வே விளக்குகளோட கலந்து போச்சு. இறங்கின 737 அதன் மேலேயே மோதியது. இரண்டிலும் சேர்த்து 35 பேர் இறந்தாங்க.

அந்த விசாரணை அறிக்கையை ஒவ்வொரு கன்ட்ரோலரும் படிக்கணும்னு நான் சொல்வேன். காரணம், என்டிஎஸ்பி அந்தப் பெண் கன்ட்ரோலர் மேல் பழியைப் போட்டுட்டு ஃபைலை மூடலை. ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் பிடிக்கிற மாதிரி ஏற்பாடு அந்த டவரில் இல்லை, அதைக் கவனிக்க வேண்டிய எஃப்ஏஏ-வும் கவனிக்கலை, விபத்துக்குக் காரணம் அதுதான் என்று எழுதியது. இருட்டினதுக்கு அப்புறம், விமானங்கள் இறங்குகிற ரன்வேயில், நடுச் சந்திப்பில் ஒரு விமானத்தை நிறுத்தி வைக்கிற வழக்கம் அங்கே நின்றது அதுக்குப் பிறகுதான்.

இதைக் கேட்டுட்டு, "அப்போ ஐசிஏஓ முறையில் இருந்தா இது நடக்காது, இல்லையா" என்று சிலருக்குத் தோணும். அவ்வளவு சுலபம் இல்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹானெடா. முதல் நாள்தான் நோட்டோ தீபகற்பத்தில் பெரிய பூகம்பம். நிவாரணப் பொருட்களோட கடலோரக் காவல் படையின் டேஷ்-8 விமானம் கிளம்பத் தயாரா இருக்கு. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 இறங்க வருது, அதில் 379 பேர். ஏ350-க்கு லேண்டிங் கிளியரன்ஸ் கொடுத்தபோது ரன்வே காலி. முறைப்படி சரியான கிளியரன்ஸ். அதுக்கப்புறம் டேஷ்-8 டவரைக் கூப்பிடுது. டவர், "சி5 காத்திருப்பு இடம் வரை வாங்க, நீங்க நம்பர் ஒன்" என்கிறது. பைலட் அதைத் திருப்பிச் சரியாகவே சொல்றார். ஆனால் மனசில் பதிஞ்சது வேற. உள்ளே போக அனுமதி கிடைச்சதா நினைச்சு ரன்வேக்குள்ள போய் நின்னுட்டார். சுமார் 40 விநாடி நின்றது அந்த விமானம். ரன்வேயில் ஆள் இருக்குன்னு காட்டுகிற திரை டவரில் எச்சரிக்கை காட்டிக்கிட்டு இருந்தது. யாரும் கவனிக்கலை. மாலை 5:47-க்கு ஏ350 இறங்கி மோதியது. ஏ350-ல் இருந்த 379 பேரும், அறிவிப்புக் கருவி வேலை செய்யாத நிலையிலும், எரியும் விமானத்திலிருந்து 18 நிமிஷத்துக்குள் வெளியே வந்தாங்க. சின்ன விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துட்டாங்க.

"நம்பர் ஒன்" என்பது வரிசையில் நீங்க முதல் ஆள் என்கிற தகவல் மட்டும். அனுமதி இல்லை. ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் காதில் அது அனுமதி மாதிரி விழும். விபத்துக்குப் பிறகு ஜப்பானில் அந்த வரிசை எண் சொல்வதையே தற்காலிகமா நிறுத்தினாங்க. எனக்கு அதில் முழு உடன்பாடு. பயனில்லாத நல்ல வார்த்தை ரேடியோவில் வேண்டாம்.

சரி, கோ-அரவுண்டுக்கு வருவோம். இறங்காமல் மேலே போகிறதுக்கு அதுதான் பெயர். பாதுகாப்பு வால்வு என்று எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்லியிருக்கேன். பெரும்பாலும் உண்மை. முன்னால் இறங்கினவர் வெளியேறலைன்னா, நீங்க அவர் தலைக்கு மேல் ஏறிப் போயிடலாம், அவர் தரையில் இருக்கார், பிரச்சினை முடிஞ்சது. ஆனால் முன்னால் இருப்பவர் டேக்-ஆஃப் ஆகிக்கிட்டு இருந்தால்? நீங்களும் மேலே போறீங்க, அவரும் மேலே வர்றார், ஒரே திசை, ஒரே இடம். இந்த நிலைமையில் கோ-அரவுண்ட் பண்ணினா ஒரு ஆபத்தை விட்டு இன்னொரு ஆபத்துக்குள்ள போறீங்க.

அப்படியே நடந்தது 2023 பிப்ரவரி 4-ம் தேதி, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில். விடியற்காலை, கடும் மூடுபனி. ஃபெடெக்ஸ் சரக்கு நிறுவனத்தின் போயிங் 767 இறங்க வருது. அதுக்கு லேண்டிங் கிளியரன்ஸ் ஏற்கெனவே கொடுத்தாச்சு. சவுத்வெஸ்ட் 737 கிளம்பத் தயார்னு சொல்லுது. 767 இன்னும் 3 மைல் தூரத்தில் இருக்கு என்பதையும் சொல்லி, கன்ட்ரோலர் டேக்-ஆஃப் அனுமதி கொடுத்துட்டார். 3 மைல் என்றால் நம்ம கணக்குப்படி 80 விநாடி. 737 ரன்வேக்குள்ள வந்து, திரும்பி நின்று, இன்ஜினைச் சோதிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டது. பனிக்காலத்தில் அது வழக்கம்தான். கன்ட்ரோலருக்கு ரன்வேயே கண்ணுக்குத் தெரியலை, தரை ரேடாரும் அந்த விமான நிலையத்தில் கிடையாது. கடைசி நேரத்தில் ஃபெடெக்ஸ் பைலட்டுகள் மூடுபனிக்குள்ள கீழே ஒரு விமானத்தின் உருவத்தைப் பார்த்தாங்க. உடனே மேலே தூக்கினாங்க. அதோட நிற்கலை, ரேடியோவில் சவுத்வெஸ்ட்டைப் பார்த்து டேக்-ஆஃபைக் கைவிடச் சொன்னாங்க. சவுத்வெஸ்ட் கைவிடலை, கிளம்பிருச்சு. இரண்டுக்கும் நடுவில் இருந்த உயரம் 200 அடிக்கும் குறைவு. இரண்டிலும் சேர்த்து 131 பேர்.

இந்த மாதிரி ஒரு டேக்-ஆஃபை இரண்டு லேண்டிங்குக்கு நடுவில் நுழைக்கிறதுதான் டவரில் தினசரி வேலை. நான் அதை ரசிச்சுச் செஞ்சவன், அதனால் கணக்கைச் சொல்றேன். மும்பையை எடுத்துக்குங்க. இரண்டு ரன்வே இருக்கு, ஆனால் ஒன்றை ஒன்று வெட்டிக்கிட்டுப் போகுது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் முழு வேகத்தில் பயன்படுத்த முடியும். (சென்னையிலும் இரண்டு ரன்வே குறுக்கே வெட்டுது. நமக்கும் இதே கதை.) மும்பையில் உச்ச நேரத்தில் மணிக்கு 46 விமானம் என்று வைச்சிருந்தாங்க, ஏறுகிறது இறங்குகிறது எல்லாம் சேர்த்து. ஒரு விமானத்துக்கு 78 விநாடி. ஒன்று இறங்க, ஒன்று ஏற, மாத்தி மாத்தி என்றால், இறங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவில் 156 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 6 கடல் மைல்.

இந்த 156 விநாடியில் என்ன நடக்கணும்? முதல் விமானம் இறங்கி வெளியேற 50, 55 விநாடி. அதுக்குள்ள கிளம்ப வேண்டியவர் ரன்வேயில் வந்து நின்றிருக்கணும். அனுமதி சொன்னதும் அவர் திருப்பிச் சொல்லி, இன்ஜினைக் கூட்டி, நகர ஆரம்பிக்கப் பத்து விநாடி. ஓடித் தரையை விட்டுக் கிளம்ப 35, 40 விநாடி. மறுமுனையைத் தாண்ட இன்னொரு இருபது. கூட்டினால் 125 தொடும். மிச்சம் அரை நிமிஷம். கிளம்புகிறவர் "ஒரு நிமிஷம், கதவு விளக்கு ஒண்ணு எரியுது" என்று இருபது விநாடி நின்றார்னா போச்சு. இறங்க வருகிறவரை மேலே அனுப்பணும். அந்த முடிவை எப்போ எடுக்கறது? கிளம்புகிறவர் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா சுலபம், அவரை நிறுத்திடலாம். ஓட ஆரம்பிச்சு பாதி ரன்வே போனதுக்கு அப்புறம் எடுத்தா ஆஸ்டின் மாதிரி ஆகும். நல்ல கன்ட்ரோலர் என்று நாங்க யாரைச் சொல்வோம்னா, இடைவெளியைக் கச்சிதமா நுழைக்கிறவரை இல்லை. நுழையாது என்று முதலில் தெரிஞ்சுக்கிறவரை.

2024 ஜூன் 8 அன்று மும்பையில் எடுத்த வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சுத்துச்சு. இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ரன்வே 27-ல் சக்கரத்தை வைக்குது. அதே ரன்வேயில் முன்னால், திருவனந்தபுரம் போகிற ஏர் இந்தியா விமானம் தரையை விட்டுக் கிளம்பிக்கிட்டு இருக்கு. இரண்டு நிறுவனமும் எங்களுக்கு அனுமதி இருந்தது என்றார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விசாரணையைத் தொடங்கி, சம்பந்தப்பட்ட கன்ட்ரோலரைப் பணிப்பட்டியலிலிருந்து விலக்கியது.

அப்போ டிவியில் உட்கார்ந்து பேசினவங்க பாதிப் பேருக்கு ஒரு விஷயம் தெரியலை. ரன்வேயில் இரண்டு விமானம் இருந்தாலே விதிமீறல் என்று கிடையாது. குறைக்கப்பட்ட ரன்வே இடைவெளி என்று ஐசிஏஓ விதியிலேயே ஒரு பிரிவு இருக்கு. நம்ம பயணிகள் விமானம் மாதிரி பெரியதுக்கு அளவு 2,400 மீட்டர். முன்னால் இறங்கின விமானம் த்ரெஷோல்டிலிருந்து 2,400 மீட்டர் தாண்டி, நிற்காமல் போய்க்கிட்டு இருந்தால், பின்னால் இருப்பவர் த்ரெஷோல்டைத் தாண்டலாம். முன்னால் இருப்பவர் டேக்-ஆஃப் என்றால், காற்றில் ஏறியிருக்கணும், அதோட அந்த 2,400 மீட்டரையும் தாண்டியிருக்கணும். ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானங்களுக்கு 600 மீட்டர் போதும், இடைப்பட்ட சின்ன விமானங்களுக்கு 1,500.

சலுகைக்கு நிபந்தனை உண்டு. சூரிய உதயத்துக்கு அரை மணி கழித்து ஆரம்பிச்சு, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்னாடி முடிச்சிடணும். 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியணும். மேகம் 1,000 அடிக்குக் கீழே இருக்கக் கூடாது. பின்காற்று 5 நாட்டுக்கு மேல் கூடாது. பின்னால் வருகிற பைலட்டுக்கு முன்னால் இருக்கும் விமானத்தைப் பற்றித் தகவல் சொல்லியிருக்கணும். இதில் பல நிபந்தனைகள் "கண்ணால் பார்க்க முடியுமா" என்கிற கேள்வியைத்தான் சுத்தி வருது. போகி அன்னைக்குக் காலையில் சென்னையில் பழைய பாயும் டயரும் எரியுற புகையோட பனியும் சேரும்போது விமானங்கள் தாமதமாவது ஏன்னு கேட்பீங்களே, அங்கே இந்தச் சலுகை எல்லாம் செல்லாது. ரன்வேயை விட்டு வெளியேறிட்டேன் என்று பைலட் வாயால் சொல்லணும். கருவி வழியா இறங்க உதவுகிற ரேடியோ கற்றை இருக்கே, அது சிதறாமல் இருக்க, முன்னால் இறங்கினவர் ரன்வேயிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே போகணும். 3 மைல் இடைவெளி எல்லாம் பத்தாது.

மும்பை விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிடறேன். கன்ட்ரோலரை விசாரணை வரைக்கும் விலக்கி வைப்பது வழக்கமான நடைமுறைதான், அதில் குறை சொல்லலை. ஆனால் அந்த நாற்காலியில் அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் கிடைச்சிருக்கப் போவது அதே அரை நிமிஷம்தான். 2024 தொடக்கத்தில் நெரிசல் தாங்காமல் மும்பையின் எண்ணை 46-லிருந்து 44 ஆகக் குறைக்கச் சொன்னாங்க. விமான நிறுவனங்கள் முணுமுணுத்தாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு விமானத்துக்குக் கூடுதலாக் கிடைச்சது மூன்றரை விநாடி. லண்டன் கேட்விக்கில் ஒரே ரன்வேயில் 55 வரைக்கும் செய்யறாங்க, நம்மால் ஏன் முடியாது என்று ஒவ்வொரு மாநாட்டிலும் யாராவது எழுந்து கேட்பாங்க. முடியும். அங்கே திருப்பங்கள் எங்கே இருக்கு, பைலட்டுகள் அனுமதி கிடைச்ச நொடியில் நகர எப்படிப் பழக்கப்பட்டிருக்காங்க, காற்றுக்கு ஏத்த மாதிரி இடைவெளி எப்படி மாறுது என்பதை எல்லாம் சேர்த்து வாங்கினால் முடியும். எண்ணை மட்டும் வாங்கிட்டு வந்தால் பாரம் முழுக்க டவரில் இருக்கிற ஒருத்தர் தலையில் வந்து உட்காரும்.

இன்னொரு கேள்வியும் வந்திருந்தது. கோ-அரவுண்ட் செய்தால் பைலட்டுக்கு மெமோ கொடுப்பாங்களா? கொடுக்கக் கூடாது. நாங்க டவரில் ஏன் என்று உடனே கேட்கக் கூட மாட்டோம், அந்த நேரத்தில் அவர் கை நிறைய வேலை. இன்ஜின் முழு வேகம், மூக்கு மேலே, சக்கரம் உள்ளே, ஏற்கெனவே வரைந்து வைத்த பாதையில் ஏறணும். அதனாலதான் உங்களுக்கு அறிவிப்பு தாமதமா வருது. மேலே போனப்புறம் இரண்டு வார்த்தையில் காரணம் சொல்வார், மறுபடி வரிசையில் சேர்ப்போம். எரிபொருள் அதுக்குத் தக்கபடிதான் ஏத்தியிருப்பாங்க.

பெரிய விமானத்துக்குப் பின்னால் சின்ன விமானம் வந்தால் 5 மைல், 6 மைல் என்று இடைவெளி விடுவது வேற காரணத்துக்காக. இறக்கை நுனியிலிருந்து கிளம்புகிற சுழல்காற்று. ரேடியோவில் சில விமானங்கள் பேரோட "ஹெவி" என்று சேர்த்துச் சொல்வதும் அதனாலதான். அதை அடுத்த அத்தியாயத்தில் விரிவாப் பேசுவோம். கேள்விகளை வழக்கம்போல் எழுதி அனுப்புங்க, குரல் பதிவாக இருந்தால் இரண்டு நிமிஷத்துக்குள் இருக்கட்டும். வணக்கம்.